முத்திரை இல்லாத கடிதம்

தகவல் பெறும் உரிமைச் சட்டம், பிரிவு 7, உட்பிரிவு 1: மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்த விதியை நம்பி, இந்த ஆண்டு ஜனவரி கடைசியில் திண்டுக்கல் தலைமை அஞ்சலகத்தில் வரிசையில் நின்று, டெல்லியில் உள்ள ஓர் அமைச்சகத்துக்கு விரைவுத் தபால் அனுப்பினேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் படித்த பிள்ளைகளின் விசா விதிகளை அந்த நாடு இஷ்டத்துக்கு மாற்றும்போது நம் அரசு அதை எப்படிக் கண்காணிக்கிறது, அந்த நாட்டுக்கு ஏதாவது எழுதிக் கேட்டிருக்கிறதா என்று ஐந்து கேள்விகள். நான் அரசு அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கேள்வி கேட்கத் தெரியும். பதில் எழுதாமல் இருப்பது எப்படி என்றும் தெரியும்.

விஷயம் என் மகளுடையது. மென்பொருள் வேலை. எந்த நாடு என்று சொல்லமாட்டேன். அடுத்த முறையும் அவள் அங்கேதான் விசா கேட்க வேண்டும். வேலை அனுமதியை அங்கேயே நீட்டித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஒருமுறை வெளியே வந்துவிட்டால், பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டினால்தான் திரும்ப உள்ளே விடுவார்கள். அதற்குச் சென்னையில் நேர்காணல்.

"தேதிதான் குடுத்துட்டானே, தைரியமா வாம்மா" என்று சொன்னது நான்தான். அவள் அம்மா இறந்து இரண்டு வருடம். காரியத்துக்கு வந்து போனவள், அதற்குப் பிறகு இந்தப் பொங்கலுக்குத்தான் வந்தாள். நான்கு வயது மகனைக் கணவரிடம் விட்டுவிட்டு, பதினைந்து நாள் கணக்கில்.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு மின்னஞ்சல் வந்தது. புதிதாக ஏதோ சோதனை விதிகளாம். தேதி ஜூலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மார்ச் முடிய இங்கிருந்தே வேலை செய்யலாம், அதற்கு மேல் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்றது அவள் கம்பெனி.

பேரன் தினமும் காலையில் வீடியோவில் வருவான். முதலில் "எப்பம்மா வருவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, பொம்மைக் காரை மட்டும் காட்டினான். பிப்ரவரி பிறந்ததும், போன் அடித்தாலே அடுத்த அறைக்கு ஓட ஆரம்பித்தான். என் மகள் ஒரு காலி சோபாவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரே வழி, அவசர நேர்காணல் கேட்டு இணையத்தில் மனுப் போடுவது. கம்பெனிக் கடிதத்தை இணைக்க வேண்டும். "நீங்கதான்ப்பா இதுல பெரிய ஆளு, எழுதிக் குடுங்க" என்றாள். ஒருமுறை நிராகரித்தால் மறுமுறை கேட்க முடியாது என்று குறிப்பில் இருந்தது. அந்த ஒரு வரி எனக்குப் போதும். நான்கு வரைவு எழுதி நான்கையும் கோடு போட்டு அடித்தேன். கம்பெனிக் கடிதத்தை எடுத்தால், கடித எண் இல்லை. கையெழுத்துக்குக் கீழே பதவிப் பெயர் இல்லை. முக்கியமாக, முத்திரை இல்லை. திருத்தி வாங்கச் சொன்னேன். எண்ணும் பதவியும் போட்டு அனுப்பிவிட்டு, 'முத்திரை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?' என்று பணிவாகக் கேட்டிருந்தார் அங்கிருந்த அதிகாரி.

"சீல் இல்லாம ஒரு ஆபீஸா? செஞ்சாவது குத்தித் தரச் சொல்லு" என்றேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவரிடம் ஐந்தாவது வரைவை அச்செடுக்கப் போனேன். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சார், என் லைசென்ஸ் மனுவ மூணு தடவ திருப்புனீங்க. நான் வெளியாளு, சரி. பெத்த மக மனுவயுமா? தப்பா இருந்தா அந்த ஊர்க்காரன் திருப்பட்டும் சார். அவன் வேலைய நீங்க ஏன் பாக்குறீங்க?" கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் விதியை விளக்கினேன். யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "எங்கூட வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு கோயமுத்தூர்ல மாட்டியிருந்துச்சுப்பா. அதே லெட்டருதான், சீல் இல்ல. நேத்து பிளேன் ஏறிருச்சு." நறுக்கியதைத் தட்டில் தள்ளினாள். பிறகு, "நான் போறது ஒங்களுக்குப் பிடிக்கலையாப்பா?"

"என்ன பேச்சு இது" என்றேன். கொண்டுவந்த வரைவை மேசையில் வைத்தேன்.

இரண்டு வருடமாக நான் மெஸ் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, அந்தக் காகிதத்திலேயே கை துடைத்துக்கொண்டு எழுந்தவன். அந்த ஐந்து வாரமாகத்தான் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. "சோத்துக்கு வெஞ்சனம் என்ன வைக்க?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தது. முத்திரை வராத ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு நாள் கூடக் கிடைத்தது. தெரிந்து செய்யவில்லை என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அப்படியொரு பத்திரம் என் மேசைக்கு வந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன்.

"அனுப்பும்மா. இருக்கிறபடியே அனுப்பு" என்றேன். பத்து நிமிட வேலை. அந்த வாரமே நேர்காணல் தேதி கிடைத்தது; விசாவும் வந்தது. மார்ச் நடுவில், மதுரை விமான நிலையத்தில் அவளை விட்டுவிட்டுத் தனியாகப் பஸ்ஸில் திரும்பினேன். போய்ச் சேர்ந்தபின் போனில் சொன்னாள்: "ரெண்டு நாளா பய எங்கிட்ட வரவே இல்லப்பா. யாரோ மாதிரி பாக்குறான்." அவனைப் பிரிந்திருந்ததில் எத்தனை நாள் என் கணக்கில் வரும் என்று அவள் கேட்கவில்லை.

டெல்லியிலிருந்தும் கடைசியில் பதில் வந்தது. கடித எண், கையெழுத்து, பதவிப் பெயர், வட்ட முத்திரை எல்லாம் இருந்தன. 'தாங்கள் கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று ஒரே வரி. மேல்முறையீடு செய்ய வழி உண்டு. காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். கெடு தாண்டியும் பதில் தராத இன்னோர் ஆள் இந்த வீட்டிலேயே இருப்பது அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்தேன்.

"அன்னைக்கு நீ கேட்டியேம்மா. பிடிக்கலதான்."

"தெரியும்ப்பா" என்றாள். பின்னால் பேரன் எதற்கோ சிரிப்பது கேட்டது.

வருகிற தபாலில் தேதி போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அன்று வந்த பதில் இரண்டு; மகள் சொன்னதற்கு மட்டும் முத்திரை இல்லை. டெல்லிக் கடிதத்தின் ஓரத்தில், இரண்டு பதிலுக்கும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன்: பெறப்பட்டது, ஏப்ரல் 22.