கோதண்டத்தின் பாசி விளக்கு

செம்பாக்கம் கோதண்டத்தின் குடும்பம் ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, அதில் சில வீடுகள் அவருக்கே வாடகை கொடுத்தன. நிலம் போனதில் அவருக்குத் துளி வருத்தமில்லை. காலையில் எழுந்தால் கவனிக்க ஒன்றுமில்லை என்பதுதான் பெரிய பேஜார். அதைத் தீர்க்கக் கூடத்தில் ஒரு கடல்மீன் தொட்டி வைத்தார். அதில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒரு ஜோடி. பெற்ற பிள்ளையைக்கூட மனுஷர் அப்படிப் பார்த்ததில்லை.

தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் குப்புராஜ்தான் கேன்களில் கடல்தண்ணீரும் கொண்டுவந்து இறக்குவான். பழைய தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துவிட்டுப் புதியதை ஊற்றினால் மீன் கழிவு சேராது.

"மனுசனுக்கு மெட்ரோ வாட்டரே வரல. மீனுக்குக் கோவளத்துலேர்ந்து தண்ணி வருது," என்பாள் மனைவி அங்காளம்மா.

2008 ஐப்பசி மழையில் வந்தது வினை.

"வெள்ளத்தண்ணி பூரா கடல்ல கலந்துகினு கீது அண்ணா. ஒரே சேறு, உப்பே இல்ல. இத்த ஊத்துனா மீனு செத்துடும்," என்று குப்புராஜ் கையை விரித்துவிட்டான். மழைக்காலம் முடியும்வரை அந்த இரண்டு மீனும் பழைய தண்ணீரிலேயே உயிர் பிழைத்தாக வேண்டும்.

மாடியில் குடியிருந்த ஹேமநாத் இன்டர்நெட்டில் தேடி ஒரு வழி சொன்னார். தொட்டித் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் வலையில் வழியவிட்டு, வலைமேல் வெளிச்சம் அடித்தால் அதில் பாசி பிடிக்கும். தண்ணீரைக் கெடுக்கிற கழிவுதான் பாசிக்குச் சாப்பாடு. வளர்ந்த பாசியைச் சுரண்டி எறிந்தால் அழுக்கும் அதோடு போய்விடும்.

"டியூப்லைட் வேண்டாம் சார், எல்.ஈ.டி. போடுங்க," என்றவர், என்ன நிறம் என்று சொல்லாமல் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

கோதண்டம் கடையில் போய் நின்றார். வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் எரிந்தன. பாசி என்ன நிறம்? பச்சை. அப்புறம் என்ன யோசனை? பச்சை விளக்கை வாங்கிக்கொண்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி வீடு வந்து சேர்ந்தார். தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த வீட்டுப் பிள்ளை செய்த கூத்து இது.

வலை மொட்டையாகவே கிடந்தது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன. தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோதண்டத்துக்கும் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூஜை அறையிலிருந்து அங்காளம்மா கத்தினாள்: "யோவ், உன் பாசி சாமிகிட்ட வந்துட்ச்சி பாரு!"

அம்மன் படத்தைச் சுற்றிச் சிவப்பு சீரியல் விளக்கு. அதை ஒட்டித் தீர்த்தம் வைத்த கண்ணாடிக் கிண்ணம். விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் பாசி தடிப்பாக ஏறியிருந்தது, மறுபக்கம் சுத்தம். கோதண்டம் கிண்ணத்தையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சை இலை பச்சை வெளிச்சத்தில் ஒரு பங்கை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் அது நம் கண்ணுக்குப் பச்சை. அது ஆசையாக விழுங்குவது சிவப்பை. இந்த விளக்கமெல்லாம் அவருக்கு அப்போது தெரியாது. கண்ணால் பார்த்தது போதுமாக இருந்தது.

"இந்த லைட்டு எனக்கு வேணும்மே," என்றார் தயங்கி. பெரிய சண்டையை எதிர்பார்த்தார்.

அங்காளம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தானே அவிழ்த்துக் கையில் கொடுத்தாள். "ஆத்தாவுக்கு அகல் வெளக்கு போதும். எத்துகினு போ."

தண்ணீர் படாமலிருக்க வலைக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து, அதற்கு வெளியே விளக்கைக் கட்டினார். கார்த்திகை பிறப்பதற்குள் வலை தெரியாத அளவுக்குப் பாசி புசுபுசுவென்று வளர்ந்தது. கை நிறையச் சுரண்டி எறிந்தார், மறுபடியும் வளர்ந்தது. மீன்கள் கீழே இறங்கி ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தன. அன்றைக்குத்தான் கோதண்டம் வயிறாரச் சாப்பிட்டார். அப்பாடா என்றிருந்தது.

மழை ஓய்ந்து, குப்புராஜ் தெளிந்த கடல்தண்ணீரோடு வந்தான். கோதண்டம் எழுவதற்குள் அங்காளம்மா வாசலுக்கு ஓடினாள்.

"தண்ணி கெடக்கட்டும். வஞ்சிரம் கீதா?"

"இன்னாக்கா, மழ பூரா மீனே வாணாம்னு தொரத்துனியே?"

"மழ முடிஞ்சி உள்ள கீற ரெண்டும் உசுரோட இருந்தாத்தான் வாயில மீனு வெப்பேன்னு ஆத்தாகிட்ட வேண்டிகினேன். இப்பதான் பொழச்சிகினுதே. நல்லா பெருசா குடு."

மழையில் மீன் கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார் கோதண்டம்.

"தலையும் சேத்துக் குடு குப்புராஜி," என்றார் உள்ளிருந்தே. "அவளுக்குத் தலைன்னா உசுரு."