ஓட்டைக் கொத்தனார்

தெரிந்தே சுவரில் ஓட்டையை விட்டுவிட்டு இறங்குகிறவரை நல்ல கொத்தனார் என்று சொல்லலாமா? இருபது வருஷம் அவருக்குக் கலவை சுமந்த சித்தாள் அவருடைய மனைவிதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் இதற்குச் சட்டென்று பதில் சொல்வதில்லை.

பூச்சு வேலை மேலிருந்து கீழே வரும். சாரத்தைப் பிரிக்கப் பிரிக்க, கட்டை சொருகியிருந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இறங்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு கட்டடத்தில் கட்டைகளை உருவியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்து வந்தவர், உள்ளே பார்க்காமல் வரிசையாக அடைத்துவிட்டார். மறுநாள் ஒரு மைனா ஈரச் சுவரைக் கொத்திக்கொண்டே இருந்தது. உளியெடுத்து உடைத்தார். உள்ளே மூன்று குஞ்சுகள். ஒன்றுகூட அசையவில்லை.

அதற்கப்புறம் கைவிட்டுத் துழாவாமல் அவர் எதையும் அடைத்ததில்லை. கூடு இருந்தால் விட்டுவிடுவார். குஞ்சு பறந்ததும் கூப்பிடாமலே ஏணியோடு போய் நிற்பார். பாதி வீடுகளில், "இருக்கட்டும் விடுங்க, பழகிடுச்சு" என்றார்கள். புருஷனும் பெண்டாட்டியும் குடியிருந்த தெருவில் மட்டும் பதினோரு சுவர்களில் பொந்து. சிட்டுக்குருவி, மைனா, ஒன்றில் அணில். அந்த இரைச்சலுக்கு நடுவே இருவரும் சோற்றுத் தூக்கோடு வேலைக்கு நடந்த காலைகளை நினைத்தால், அவள் முகமே மாறிவிடும்.

"ஓட்டைக் கொத்தனார் வர்றாரு, சுவரைப் பத்திரமா பாத்துக்குங்க!" என்று வழியில் யாராவது கேலி செய்வார்கள்.

"உன் வாய் அதைவிடப் பெரிய ஓட்டை. மொதல்ல அதை அடைக்கிறேன், வா" என்று அவள்தான் திருப்பிக் கொடுப்பாள்.

பிறகு அந்த நாலு மாடிக் கட்டடம். "நாளைக்கு ஓனர் வர்றாரு. ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது. அடுத்த கட்டடத்துக்கு நீங்கதான் மேஸ்திரி" என்றார் இன்ஜினியர். மேஸ்திரி பெண்டாட்டி சட்டி சுமக்க வேண்டியதில்லை. அவளுக்கோ கழுத்தெலும்பு தேய்ந்து, குனிந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும்.

கடைசி ஓட்டையில் சிட்டுக்குருவிக் குஞ்சுகள் இருந்தன.

"என்னங்க, ஒரு கை கலவைதானே."

"கண்ணே திறக்கலை இன்னும்."

"என் கழுத்தையும் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அடைக்காமல் இறங்கிவிட்டார்.

மேஸ்திரி வேலை, அங்கேயே கொத்தனாராக இருந்த அவளுடைய தம்பிக்குப் போனது. "அக்கா, ஒரு குருவி புண்ணியத்துல நான் மேஸ்திரி ஆயிட்டேன்" என்று அவன் சிரித்தான். அவள் மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை.

புதுக் கட்டடத்தில் முதல் நாள், கலவைச் சட்டியைத் தூக்க அவள் குனிந்தாள். அவர் அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, கொத்துக்கரண்டியை அவள் கையில் கொடுத்தார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கொத்தனார் சித்தாளுக்குச் சட்டி சுமந்து அங்கே யாரும் கண்டதில்லை.

"என்ன மாமா இது?" என்றான் தம்பி. அவர் படியேறிப் போய்விட்டார்.

இருபது வருஷம் பார்த்த கைக்குப் பூசத் தெரியாதா? அவளும் உள்ளே கைவிட்டுப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் அடைத்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள் பூசினாள், அவர் சுமந்தார். ஏன் என்று அவளிடம்கூட அவர் சொல்லவில்லை.