டஸ்டர் என் கைக்கு வந்தபோது

அன்சிலா டீச்சரைக் கோவிந்தாபுரம் பள்ளிக்கூடமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. எனக்கு அவளைக் கண்டாலே வயிறு எரியும். பாலக்காட்டு ஜவுளிக்கடை வீட்டுப் பெண். கூட்ட பஸ்ஸில் நின்று வந்தாலும் சேலை கசங்காது. நானோ செக்போஸ்ட் பக்கம் இட்லிக்கடையில் மாவும் புகையுமாய் நிற்கிறவள். என் மகள் இந்து வீட்டுக்கு வந்தால் ஓயாமல் 'டீச்சர் சொன்னாங்க, டீச்சர் சிரிச்சாங்க'தான். பெற்றவள் ஒருத்தி இருப்பதே மறந்துபோகும்.

அந்த இந்துதான் பள்ளிக் கலைவிழாவான கலோத்ஸவத்துக்கு முந்தின நாள், கூடப் படிக்கிற ஹஸீபாவின் நடன உடுப்பைக் கத்தரியால் வெட்டிவிட்டாள். டி.சி. கொடுத்துப் பள்ளியை விட்டு அனுப்பச் சொல்லி பி.டி.ஏ. பெற்றோர் கூட்டத்தில் ஒரே சத்தம். அன்சிலா ஒருத்திதான் மறுத்தாள்.

"தொரத்திட்டா ஹஸீபாவுக்கு என்னங்க கிடைக்கும்? எல்லாரும் உக்காந்து பேசலாமுங்க."

"அடியுமில்ல, டி.சி.யுமில்லன்னா எந்தப் புள்ளை பயப்படும்?" என்று தலைமையாசிரியர் முகம் சுளித்தார். பேச்சு சரிவராவிட்டால் டி.சி.தான் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

எங்கள் பக்கம் சமாதானம் என்றால் வெற்றிலைத்தட்டு வேண்டும். பேச்சுக்குப் பள்ளியில் கூடிய அன்று புது உடுப்பு, பாக்கு, பழமெல்லாம் வைத்து ஹஸீபாவின் அம்மா ருக்கியாவிடம் நீட்டினேன். இந்துவின் பிடரியைப் பிடித்து அமுக்கினேன்.

"உழுடி கால்ல!"

ருக்கியா பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். "அய்யோ, வேண்டாமுங்க! நாங்க மனுசங்க கால்ல உழ உடமாட்டோமுங்க."

போச்சு, மானம் போச்சு! அன்சிலா தட்டை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தாள். கரும்பலகை துடைக்கிற டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் பேச வேண்டும். ஹஸீபா ஆடமுடியாமல் போனதைச் சொல்லி அழுதாள். அடுத்து இந்து, டீச்சர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"ஹஸீபாவைப் பாரு, ஹஸீபாவைப் பாருன்னு எங்கம்மா தெனமும் சொல்லுமுங்க டீச்சர். அந்த உடுப்பப் பாத்ததும் ஆத்திரம் வந்துருச்சு."

வீட்டில் கேட்டபோது வாயே திறக்காதவள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டஸ்டர் என்னிடம் வந்தது.

"இதுல உங்களுக்கு என்ன நட்டமுங்க அக்கா?" என்று அன்சிலா கேட்டாள்.

"பெத்தவகிட்டச் சொல்லாததை உங்ககிட்டக் கொட்டறா பாருங்க, அதுதான் நட்டம். உங்களப் பாத்தாலே எனக்கு எரியுதுங்க!"

அன்சிலாவின் முகம் வாடிப்போனது. இந்து எழுந்து வந்து என் கையிலிருந்த டஸ்டரை வாங்கினாள்.

"உங்கிட்டச் சொன்னா நீ கத்துவியேம்மா."

வெட்டியதை இந்துவே தைத்துத் தருவதென்று முடிவானதும் டி.சி. பேச்சு அத்தோடு நின்றது. இந்து இப்போது ருக்கியா வீட்டில் உட்கார்ந்து, வெட்டிய உடுப்பை ஹஸீபாவோடு சேர்ந்து தைக்கிறாள். எனக்கு அன்சிலா மேல் எரிச்சல் போகவில்லை. ஆனாலும் சாயங்காலம் இந்து 'டீச்சர் சொன்னாங்க' என்று ஆரம்பித்தால், பல்லைக் கடித்துக்கொண்டு முழுதும் கேட்கிறேன்.