மூன்றாவது மெஷினில் கார்டு இல்லை

தேவிகாவின் வேலை போனதற்கு அவள் காரணமில்லை. நான்தான் காரணம். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் வந்த துணிச்சல் இது, வேறொன்றுமில்லை!

மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். தோட்டங்களிலிருந்து லோரிகள் குலைகளைக் கொண்டுவந்து கொட்டும். மேலிருந்து கேமராக்கள் படம் எடுக்கும். எது பழுத்தது, எது காய் என்று ஒரு புரோகிராம் பிரித்துச் சொல்லும். அதை எழுதியவள் தேவிகா. அவளும் நானும் ஒரே தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். அந்த ஆபீசில் நான் தமிழில் பேச இருந்த ஒரே ஆள் அவள்தான். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். என்னைச் சாப்பிடவே விடமாட்டாள், அவ்வளவு பேச்சு.

மெஷின் அறையில் மூன்று சர்வர்கள். அதன் சாவி என்னிடம் மட்டும். புரோகிராம்களைக் கன்டெய்னர் என்கிற பொட்டலங்களாகக் கட்டிக் கொடுத்துவிட்டால், எது எந்த மெஷினில் ஓடவேண்டும் என்பதை மூன்றையும் சேர்த்து மேய்க்கும் மென்பொருளே முடிவு செய்துகொள்ளும். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டின்போது மண்டோர் ஆட்களை வரிசையில் நிறுத்தி, யாருக்கு எது முடியும் என்று பார்த்து வேலை பிரிப்பாரே, அந்த மாதிரி. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்த்து லேபிள் ஒட்டுவதற்கென்றே ஒரு சின்னக் கருவி உண்டு. இதில் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, அதில் இல்லை... லேபிளைப் பார்த்துத்தான் வேலை போய்ச் சேரும். படங்களை வேகமாகப் பார்க்கக் கார்டு தேவை. அதனால் தேவிகாவின் புரோகிராம் கார்டு லேபிள் உள்ள மெஷினைத்தான் தேடிப் போகும்.

அந்தக் கார்டைத்தான் நான் கெடுத்தேன்.

தேவிகாவின் புரோகிராமை ஆலையில் ஓடவிடுவதற்கென்றே வாங்கிய ஒரே கார்டு அது; மூன்றாவது மெஷினில் பொருத்தச் சொல்லி மேனேஜர் கொடுத்திருந்தார். அதில் ஓடிக்கொண்டிருந்த வேலைகளை மற்ற இரண்டுக்கும் மாற்றிவிட்டு, மெஷினை அணைத்து, பிறகு பொருத்தவேண்டும். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! வெளியே லோரிகள் நின்றன, எதற்கு இந்த வம்பு என்று ஓடுகிற மெஷினிலேயே கார்டைச் சொருகினேன். சோம்பல். சுத்தமான சோம்பல். ஒரு கருகல் வாடை வந்தது. அவ்வளவுதான், கார்டு செத்துப்போனது.

“பொருத்தியாச்சா?” என்று மேனேஜர் போனில் மலாயில் கேட்டார்.

“ஆச்சு, பாஸ்,” என்றேன். என் வாய் அவ்வளவு சரளமாகப் பொய் சொல்லும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது...

கருவியோ பொய் சொல்லாது. துழாவிப் பார்த்துவிட்டு, கார்டு இல்லை என்றே சொன்னது. ஆனால் அதற்கு ஒரு வசதி உண்டு. அதன் கண்ணில் படாத சங்கதிகளை நாம் ஒரு கோப்பில் எழுதிக் குறிப்பிட்ட இடத்தில் வைத்தால், தான் கண்டதோடு அதையும் சேர்த்து லேபிளாக ஒட்டிவிடும். நான் ஒரே ஒரு வரி எழுதி வைத்தேன். மூன்றாவது மெஷினில் கார்டு இருக்கிறது! செத்த கார்டைச் சப்ளையரிடம் கொடுத்து, வரும்போதே கெட்டிருந்தது என்று அங்கேயும் ஒரு பொய். மாற்றுக் கார்டு வரும்வரைக்கும்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

என்ன ஆகும்? தேவிகாவின் புரோகிராம் லேபிளை நம்பி மூன்றாவது மெஷினுக்குப் போனது. கார்டு கிடைக்காவிட்டால் சாதாரண புரோசஸரிலேயே ஓடும்படி அவள் எழுதியிருந்தாள். ஓடியது... நொண்டி நொண்டி ஓடியது. குலைகள் குவிந்தன. லோரிகள் சாலை வரைக்கும் நின்றன. டிரைவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு கத்தினார்கள்.

மத்தியானம் அவள் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

“பாலாண்ணே, லாக்ல ஒரு வரி வருது. கார்டு காணோம்னு. மெஷின்ல ஏதாச்சும் பிராப்ளமா?”

பாருங்கள், அவள் கண்டுபிடித்துவிட்டாள்! சரியான இடத்தில் கையை வைத்துவிட்டாள். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“அது கார்டோட டிரைவர் சாப்ட்வேர் சும்மா கத்துறது லா. கண்டுக்காத. மெஷின் எல்லாம் ஓகே.”

“லேபிள் இருக்குதான். நானும் பாத்தேன்.” பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். “அப்பன்னா நான்தான் எங்கியோ சொதப்பியிருக்கேன். சாரிண்ணே, உங்க மெஷின சந்தேகப்பட்டுட்டேன்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நான் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதன்பிறகு தன் புரோகிராமைப் பிரித்துப் பிரித்து எழுதினாள். கண்கள் வீங்கிப்போய் வருவாள். நானும் தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே இருந்தேன். ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை, வந்த கொஞ்ச நாளிலேயே எல்லாரும் அவளைப் புகழ்ந்தது எனக்கு உறுத்தியதா? பயம் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறுத்தலும் இருந்தது... இருந்தது ஐயா, இருந்தது!

கம்பெனி அவளுடைய காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. போகிற நாளில் என் மேசைக்கு வந்து, “உங்களுக்குத்தான் என்னால ரொம்பத் தொந்தரவு,” என்றாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

அவள் போனபிறகு மாற்றுக் கார்டு வந்தது. இந்தமுறை மெஷினை ஒழுங்காக அணைத்துப் பொருத்தினேன். நான் எழுதிய வரியை அழித்தேன். கருவி தானாகவே கார்டைக் கண்டு லேபிள் ஒட்டியது. தேவிகாவின் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. அது பறந்தது! மேனேஜர் வந்து என் முதுகில் தட்டி, “பாகூஸ், பாலா! நீ சரி பண்ணிட்டே,” என்றார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்திருப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

இப்போது மத்தியானச் சாப்பாடு மெஷின் அறையில்தான். ஏர்கான் இரைச்சலில் நான் மெல்லுகிற சத்தம்கூட எனக்குக் கேட்காது. சில நாள் ஆபீசில் ஒரு வார்த்தை தமிழ் பேசாமலே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கல்லாவில் தேவிகா.

“அட, பாலாண்ணே! என்ன இப்படி எளைச்சிட்டீங்க? சோறு போட ஆளில்லியா?” அதே வாய், அதே சிரிப்பு. மீனைத் தானே கொண்டுவந்து வைத்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்கதான் என் புரோகிராம சரி பண்ணீங்களாமே. நான் எங்கண்ணே தப்பு பண்ணேன்? சொல்லுங்களேன், தெரிஞ்சிக்கிறேன்.”

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் ஒரு நொடியில் மாறிவிடும், பிறகு இந்த உலகத்தில் என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

“ஒவ்வொரு படத்தையும்... ரெண்டு தடவ படிக்கிற மாதிரி எழுதிட்ட. அதான் ஸ்லோ.”

இல்லாத தப்பை அங்கேயே, மீனைப் பிய்த்துக்கொண்டே உண்டாக்கினேன்!

“ஓ... அதானா!” நெற்றியில் அடித்துக்கொண்டாள். “எத்தன நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டேன் தெரியுமா? ரவாங்ல ஒரு கம்பெனில இதே வேலைக்கு ஆள் எடுக்குறாங்கண்ணே. அப்ளை பண்ணலாமான்னு இருந்தேன். வேணாம் லா. இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாம நான் போயி என்ன பண்ணப் போறேன்?”

நான் ‘ம்’ என்றேன். கேட்டீர்களா? ‘ம்’ என்றேன்!

அவள் எழுந்து போய் வேறொரு மேசைக்கு ஆர்டர் எடுத்தாள்.

அந்த ரவாங் கம்பெனியில் இன்னும் ஆள் எடுத்து முடிக்கவில்லை. இன்று காலைகூட அவர்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். தேவிகாவின் நம்பர் என் போனில்தான் இருக்கிறது...