பதினோரு கோப்பையும் ஒரு கணவாயும்

ஒரே உட்காரலில் பதினோரு கோப்பை உப்புத் தேநீர் குடித்தவன் நான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மரியாதைக்காகக் குடித்தேன்.

2009 ஜூலை. லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கு. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. வீடு சிதம்பரத்தில், வேலை மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில். பத்தொன்பது வருஷமாகத் தினமும் யாரோ ஒரு பஸ் டிரைவர்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கொண்டுவந்து விட்டார். ஒரே ஓர் இடத்தையாவது என் காலால் தாண்டிவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் பிடித்துக்கொண்டது. நடுவயதில் சிலருக்குப் பக்தி வருகிறது, சிலர் தலைக்குச் சாயம் பூசுகிறார்கள். எனக்கு ஐயாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு கணவாய் தேவைப்பட்டது. மூன்று மாதம் மாலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றினேன். கடல் மட்டத்தில் சுற்றினால் உடம்பு கடல் மட்டத்துக்குத்தான் பழகும் என்று யாரும் சொல்லவில்லை.

கூட வந்தவன் மனைவியின் தம்பி. கல்லூரியில் வேதியியல் வாத்தியார். புனேயில் சில வருஷம் இருந்ததால் ஹிந்தி தெரியும். எனக்குத் துணையாக வருகிறான் என்று நான் நினைத்தேன். என்னைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு தன்னுடையது என்று அவன் நினைத்தான்.

மூன்றாவது ஆள் குதிரைக்காரர். எங்கள் மூட்டைகளை இரண்டு குதிரைகளில் ஏற்றியிருந்தார். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னார்.

"உங்களுக்கும் குதிரைல எடம் இருக்குங்கிறாரு மாமா."

"நடக்கத்தான் வந்துருக்கேன்னு சொல்லு மச்சான்."

தினமும் காலையில் அவர் கேட்பதும் நான் மறுப்பதுமாக மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் மாலை, கணவாய்க்கு முந்தின கடைசி ஊரில் ஒரு வீட்டில் தங்கினோம். நடுவில் அடுப்பு, சுவரோரம் தரையில் மெத்தை, அலமாரி நிறையப் பளபளக்கும் பித்தளைப் பாத்திரங்கள். வீட்டுக்கார அம்மாள் நீளமான மரக்குழாயில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்து தேநீர் ஊற்றினார். வெண்பொங்கலை நீர்க்கக் கரைத்து டீ என்று கொடுத்த மாதிரி இருந்தது.

நம் வீடுகளில் ஊற்றியதை மிச்சம் வைப்பது ஊற்றியவரை அவமதிப்பது. குடித்து முடித்தேன். அவர் எழுந்து வந்து நிரப்பினார். அதையும் முடித்தேன். மீண்டும் வந்தார். மச்சானோ ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையை அப்படியே கைவிட்டிருந்தான்.

"அவுங்க என்னா நெனப்பாங்க? நம்ம ஊரு மானமே போவுது."

"வாடை ஒத்துக்கல மாமா. எனக்கும் சேத்துதான் நீங்க குடிக்கிறீங்களே."

கோப்பையைக் கையால் மூடிப் பார்த்தேன். நான் கூச்சப்படுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டு, கை விலகும்வரை சிரித்தபடி நின்றார். ஏழாவது கோப்பைக்கு அவருக்கும் அலுத்துவிட்டது தெரிந்தது. பகலெல்லாம் பார்லி வயலில் குனிந்துவிட்டு வந்தவர். எனக்காக இரண்டாம் தடவை கடைந்தார், ஒவ்வொரு தடவையும் முட்டியில் கையூன்றி எழுந்தார். அவரால் ஊற்றுவதை நிறுத்த முடியவில்லை, என்னால் குடிப்பதை நிறுத்த முடியவில்லை. பதினொன்றில் நான் தூங்கிவிட்டதாக நடித்தேன்.

காலையில் குதிரைக்காரர் விளக்கியதை மச்சான் மிகுந்த சந்தோஷத்தோடு மொழிபெயர்த்தான்.

"இங்க விருந்தாளி கப்பு காலியாவே இருக்கக் கூடாதாம் மாமா. போதும்னா ரொப்புனத அப்டியே வச்சிட்டு, கெளம்பறப்ப குடிக்கணுமாம். நீங்க காலி பண்ணப் பண்ண, இன்னும் ஊத்துன்னு அர்த்தமாம். பாவம் அந்தம்மா, வெண்ணெ பூரா தீந்துபோச்சாம்."

"ஒன்னப் பத்தி என்னா சொன்னாங்க?"

"ரொம்ப மரியாத தெரிஞ்ச ஆளாம்."

அன்று முழுக்கப் பள்ளத்தாக்கில் இருந்த பெரிய பாறைகளின் பின்பக்கத்தை எல்லாம் தெரிந்துகொண்டேன். வேதியியல் வாத்தியார் உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தபடி இருந்தான். மறுநாள் கணவாய் ஏறத் தொடங்கியபோது கால் இரண்டும் நனைந்த காகிதமாக இருந்தன. பாதி ஏற்றத்தில் உட்கார்ந்தேன். எழ வரவில்லை.

இந்தத் தடவை குதிரைக்காரர் கேட்கவில்லை. ஒரு குதிரையின் மூட்டைகளை அவிழ்த்து மற்றதில் கட்டினார். இருவருமாகச் சேர்ந்து என்னைத் தூக்கி வைத்தார்கள். மச்சான் கிண்டல் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவில் தெரிந்த துண்டு இமயமலையைப் பார்த்துக்கொண்டே போனேன். குதிரை மூச்சு வாங்குவது என் தொடைக்குத் தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்தும் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் படுகிறோம் என்று தோன்றியது.

உச்சியில் பௌத்தர்கள் கட்டிய மந்திரக் கொடிகள் தெரிந்தன.

"எறக்கிவுடச் சொல்லு."

"இன்னும் கொஞ்சம்தான் மாமா. வம்பு பண்ணாதீங்க."

"கொஞ்சம்தாங்கறதாலதான் சொல்றேன்."

இறங்கினேன். அறுபது அடி இருக்கும். ஐந்து அடி வைப்பேன், நிற்பேன். மச்சான் என் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டியபடி, தொடாமல் வந்தான். உச்சியில் பெருமை ஏதும் வரவில்லை. உட்கார ஒரு கல் கிடைத்ததே என்றுதான் இருந்தது. இது தாண்டியதில் சேருமா என்று மட்டும் மனசு குடைந்தது.

ஊர் திரும்பியதும் அலுவலகத்தில் எதிர்மேசை மேடத்திடம் எதையும் மறைக்காமல் சொன்னேன், குதிரை உட்பட. இருபது வருஷமாக மனுக்களைப் பார்த்து இது செல்லும், இது செல்லாது என்று சொல்பவர். என்னுடையதற்கும் ஒரு முடிவு சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஃபைல் கட்டிக்கொண்டே கேட்டார்.

"கடைசியா நீங்களே நடந்து அந்தப் பக்கம் போயிட்டீங்க?"

"ஆமா மேடம்."

"அந்தப் பக்கம் என்னா சார் இருந்துச்சி?"

"மலைதான்."

"இந்தப் பக்கம்?"

"அதுவும் மலைதான்."

நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப இந்தப் பக்கமே இருந்துருக்கலாமே சார்."