பட்டியலின் ஏழாவது இடம்

1. ஆறு புரோகிராம், ஒரு வரி

எட்டாவதோடு படிப்பு நின்றது. திருப்பூரில் பனியன், சூரத்தில் தறி, பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் காவல். சும்மா உட்கார்ந்திருந்த அந்த வாசலில்தான் அர்ரே வகைக் கம்ப்யூட்டர் மொழி ஒன்றைக் கற்றேன். ஆயிரம் எண்ணை ஒரே வரியில் கணக்குப் போடும் மொழி. அதை நம்பித்தான் காரைக்குடிக்குத் திரும்பினேன்.

எங்கள் ஆபீஸ், புதுவயல் அரிசி மில்களின் டிரையருக்கு புரோகிராம் எழுதியது. நெல்லின் ஈரப்பதத்தைக் கொடுத்தால் எத்தனை நிமிடம் காய வேண்டும் என்று அது சொல்லும். நெல் ரகத்துக்கு ஒரு ஃபங்ஷன், அதாவது எண்ணைக் கொடுத்தால் விடை சொல்லும் ஒரு கணக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஆறு ரகத்துக்கு ஆறு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன்.

தமயந்தி வேலைக்குச் சேர்ந்தாள். தேவகோட்டைக்காரி, தச்சர் மகள். ஆறு ஃபங்ஷனையும் எண்களைப் போலவே ஒரு பட்டியலில் அடுக்கி, வேண்டியதை எடுத்து ஓட்டினாள். என் இரண்டு வருடம் ஒரு வரியாகிவிட்டது.

“இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தனை நாள் இழுத்த?” என்றார் முதலாளி என்னிடம்.

“எண்ணு மாதிரி ஃபங்ஷனும் ஒரு பொருள்தான்ணே” என்றாள் அவள், என் பக்கம் திரும்பி. “எங்கப்பா பெட்டியில அளவுகோலும் இருக்கும், மரம் இழைக்கிற இழைப்புளியும் இருக்கும்.”

புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

2. அவள் லீவு போட்ட நாள்

இளையாத்தங்குடியில் ஒரு கல்யாணத்துக்கு அவள் போயிருந்தபோது, ஒரு மில் புது ரக நெல்லுக்கு புரோகிராம் கேட்டது. “நாளைக்கு அந்தப் புள்ள வந்துரும்” என்றார் முதலாளி. அந்த வார்த்தை சுட்டது. நானே ஃபங்ஷன் எழுதி, மில் அனுப்பிய ஈரப்பத ரீடிங்கைப் போட்டு, பட்டியலின் ஏழாவது இடத்தில் வைத்தேன். 210 நிமிடம் என்று வந்தது. மில்லிலும் சரியாகக் காய்ந்தது. மறுநாள் அவள் முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

3. குருணை

அடுத்த லோடு நெல்லில் ஈரம் குறைவு. டிரையர் அதற்கும் 210 நிமிடமே ஓடியது. காய்ந்து வெடித்த நெல், அரைத்ததும் குருணையாக உடைந்தது.

பட்டியல் அவளுடையது என்பதால் புது ரகமும் அவள் வேலை என்றே மில்காரரும் முதலாளியும் நினைத்தார்கள். மில்காரர் நேரே தமயந்தியிடம் வந்தார். “ஏம்மா, அரிசி கேட்டா ரவை தர்றீகளே?”

“இனி நீ மில் வேலையைத் தொட வேணாம்” என்றார் முதலாளி அவளிடம்.

அவள் சேர்ந்த மூன்று மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டேன்.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் அவள் பட்டியலைத் திறந்தாள். ஏழாவது இடத்தில் ஃபங்ஷன் இல்லை, 210 என்ற எண் இருந்தது. ஃபங்ஷனை வைப்பதாக நினைத்து, அதை ஓட்டி வந்த விடையை வைத்திருக்கிறேன். ஃபங்ஷன் இடத்தில் எண் நின்றால் அந்த மொழி தப்பு என்று காட்டாது. எதைக் கேட்டாலும் அந்த எண்ணையே திருப்பித் தரும்.

“இழைப்புளிய வைக்காம, இழைச்ச சுருளை வச்சிருக்கீகளேண்ணே” என்றாள் மெதுவாக. முதலாளி திரும்பி வந்தும் அவரிடம் சொல்லவில்லை.

அதுதான் தாங்கவில்லை. இதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேலே நிற்பதா? எழுந்து போய், தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் நானே சொன்னேன். நல்ல மனதால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மில் வேலை அவள் கைக்கே திரும்பியது. நான் அவளுக்குக் கீழே.

புதிதாக வருகிறவர்களுக்கு: பட்டியலில் ஃபங்ஷனை வைத்தால் இரண்டு வெவ்வேறு ரீடிங் கொடுத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் விடையும் ஃபங்ஷனும் ஒரே மாதிரிதான் தெரியும். புரியாவிட்டால் கேளுங்கள்.

அவள் எழுதும் வரியைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. எரிச்சலோடேயே பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து கேட்கிறேன்.