பற்ற வைக்காத அடுப்பு

துபாயில், ஜெபல் அலியில் எங்கள் கிடங்குக்குப் பின்னால் அந்தப் பழைய மோட்டார்ஹோம் நிற்கும். கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் உள்ளேயே உண்டு. சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர்; மெலிந்த உடம்பு, கசங்காத சட்டை. ஞாயிறுதோறும் மனைவியோடு வந்து, வெயிலில் வெடித்த ஜன்னல் ரப்பர்களை மாற்றுவார், மரப்பலகைகளுக்கு மெருகு போடுவார். தேநீர் பிளாஸ்க்கில் வரும். அதையும் வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும்.

"உள்ளயே அடுப்பு இருக்கே சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சமைச்சா மரத்தில எண்ணெய் மணம் ஏறிடும் தம்பி. பழசு பழசாவே இருக்கோணும்."

"ஓமானுக்கு, சலாலா போகேக்கை பத்த வைப்பமெண்டுறார்," என்று மனைவி சிரித்தார். "வருசா வருசம் இதைத்தான் சொல்லுறார்."

சலாலா போகவேயில்லை. வேலை முடிந்து ஊர் திரும்பும் முன் வண்டியை ஓர் அரபு இளைஞனுக்கு விற்றார். சாவி கைக்கு வந்ததுமே அவன், "யல்லா, சாய்!" என்று அந்த அடுப்பைப் பற்ற வைத்து, எல்லோருக்கும் தேநீர் போட்டான். மனைவி உள்ளே ஜன்னலோரம் அமர்ந்து குடித்தார். இவர் வழக்கம்போல் கோப்பையோடு வெளியே நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோவன்," என்றார் மனைவி. "இனி இது எங்கட இல்லைத்தானே."

அவர் ஏறினாரா என்று நின்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை.